சின்னவன் இலவசமாம், அவனுடைய விசாவுக்கு மட்டும் 9,500

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன், கணக்கை மாற்றவில்லை.

வீட்டில் ஆறு பேர்: அவர், கணவர், முழங்கால் வருத்தத்தோடு 68 வயது மாமியார், மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 12 வயது, வருகிற செப்டெம்பரில் 13 ஆகிறது. மகளுக்கு 9. கடைக்குட்டிக்கு 3, ஜூலை கடைசியில் 4 ஆகிறது. ஓகஸ்ட் விடுமுறையில் சிங்கப்பூர் போய்ப் பிள்ளைகளுக்கு யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவைக் காட்ட வேண்டும். "இரண்டு வருசமாக அடுத்த முறை, அடுத்த முறை என்று சொல்லியே ஏமாற்றி வருகிறோம்" என்கிறார்.

முகநூலில் கண்ட ஒரு பயண முகவரிடம் விசாரித்தபோது வட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்தது. நாலு நாள் சிங்கப்பூர்ப் பக்கேஜ், தலைக்கு 215,000 ரூபா, இன்று மட்டும் 179,000. சின்னவன் இலவசம். 400,000 ரூபா முற்பணத்தை ஒரு தனியாளின் வங்கிக் கணக்கில் போட வேண்டும், அது எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. கணவர் காப்புச் சோடியை அடைவு வைத்து முற்பணத்தைக் கட்டிவிடலாம் என்கிறார்.

இதற்கிடையில் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா இரண்டு யோசனை சொல்லியிருக்கிறார். அவருடைய சிநேகிதர் ஒருவரிடம் போன பயணத்தில் பாவிக்காமல் மிஞ்சிய பூங்கா ரிக்கெற்றுகள் இருக்கின்றன, பாதி விலைக்குத் தருவார். இது ஒன்று. இரண்டாவது: "உங்கள் இலக்கம் குலுக்கலில் விழுந்திருக்கிறது, கணவன் மனைவியாக ஹோட்டலுக்கு வந்து 90 நிமிடம் இருந்தால் மூன்று இரவு இலவசத் தங்கல்" என்று இவர்களுக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அண்ணா சொல்கிறார்: போய் விடுமுறைத் திட்டத்தில் (வருடா வருடம் சில நாள் தங்கும் உரிமையை முதலே காசு கட்டி வாங்குவது) கையொப்பம் வை, பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் இரத்துச் செய்யலாம்.

முக்கியமான கேள்வி மூன்று. இந்தப் பக்கேஜ் உண்மையில் இலாபமா? முற்பணம் போனால் போனதுதானா? நாங்கள் எங்கேதான் காசை மிச்சம் பிடிக்கலாம்?

அன்புள்ள சகோதரிக்கு,

காசு கட்ட முதல் எழுதினீர்கள், நல்லது. எனக்கு வரும் இப்படியான கடிதங்கள் பெரும்பாலும் கட்டிய பிறகு எழுதப்பட்டவை. அப்போது நான் செய்யக்கூடியது, பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான்.

அந்த முகவர் கள்ளன் என்று நான் சொல்ல வரவில்லை. ஆளை எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் பிள்ளைகளின் பிறந்த திகதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் வாசித்தேன். அதைத்தான் முதலில் கதைக்க வேண்டும்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது

ஐந்து பேருக்கு 179,000 வீதம் 895,000. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "விசா மற்றும் ஆவணக் கட்டணம்", தலைக்கு 9,500, ஆறு பேருக்கு 57,000. மொத்தம் 952,000 ரூபா. கவனித்தீர்களா, இலவசமாக வரும் சின்னவனிடமும் விசாக் காசு கேட்டிருக்கிறார்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குச் சுற்றுலாவாகச் சிங்கப்பூர் போக விசா தேவையில்லை. தேவைப்படுவது சிங்கப்பூர் வருகை அட்டை என்ற இணையப் படிவம் ஒன்றுதான். போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள், சிங்கப்பூர்க் குடிவரவுத் திணைக்களத்தின் சொந்தத் தளத்தில் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. ஆறு பேருக்கும் உங்கள் மூத்தவனே உட்கார்ந்து நிரப்பிவிடுவான். (அதே போலத் தோற்றமளிக்கும் தளங்கள் காசு கேட்கும், கேட்டால் மூடிவிடுங்கள்.) படிவம் நிரப்பித் தரும் கூலி என்றால் "கூலி" என்று எழுதட்டும், விசா என்று எழுதக் கூடாது.

அடுத்தது சின்னவன். யூனிவர்சல் ஸ்டூடியோசில் 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ரிக்கெற் தேவையில்லை என்பது சரி. ஆனால் வயது பார்ப்பது காசு கட்டும் நாளில் இல்லை, வாசலால் உள்ளே போகும் நாளில். ஜூலை கடைசியில் அவனுக்கு 4 ஆகிவிடும். ஓகஸ்டில் அவனுக்குச் சிறுவர் ரிக்கெற் எடுக்க வேண்டும். விமானத்திலோ அவன் எப்போதோ இலவசத்தைத் தாண்டிவிட்டான்: 2 வயதானதும் மடியில் வைத்திருக்க விடமாட்டார்கள், தனி இருக்கை, சிறுவர் கட்டணம். ஆகவே அவன் இலவசமாக வரப்போவதில்லை. ஒன்றில் அவனுடைய செலவை உங்கள் ஐந்து பேர் தலையிலும் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் புறப்படும் வாரத்தில் தனி பில் வரும்.

மூத்தவன் விஷயம் மறுபக்கம். 12 முடிந்தவனுக்கு விமான நிறுவனங்கள் பெரியவர் கட்டணம் எடுக்கும். ஆனால் யூனிவர்சல் ஸ்டூடியோசில் 4 முதல் 12 வயது வரை சிறுவர் விலை, 13 இலிருந்துதான் பெரியவர். ஓகஸ்டில் அவன் இன்னும் 12. அதாவது ஆகாயத்தில் பெரியவன், பூங்காவில் சிறுவன். தாளில் அவனை எல்லா இடத்திலும் பெரியவனாகவே போட்டிருக்கிறார்கள்.

மாமியாருக்கும் பூங்கா ரிக்கெற் போட்டிருக்கிறது. முழங்கால் வருத்தக்காரர் ஒரு முழு நாள் வெயிலில் அங்கே என்ன செய்வார்? அவரையும் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் சிலோன் வீதி என்றே ஒரு வீதி இருக்கிறது. அங்கே உள்ள செண்பக விநாயகர் கோவில் யாழ்ப்பாணத்திலிருந்து போன நம்மவர்களோடு நெருங்கிய தொடர்புள்ளது. அந்த ஒரு நாளை நீங்களோ கணவரோ அவரோடு அங்கே கழித்தால் இரண்டு பேரின் ரிக்கெற் மிச்சம். தேர் வலத்தைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கச் சொல்லும் கால்களை வரிசையில் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, "மூன்று நட்சத்திர ஹோட்டல் அல்லது அதற்கு ஒத்தது". இந்த "அதற்கு ஒத்தது" என்ற இரண்டு சொல்லைத்தான் நான் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ஹோட்டலின் பெயர் இல்லை, எத்தனை அறை என்று இல்லை. சிங்கப்பூர் அறைகள் சின்னவை, ஆறு பேரை ஓர் அறையில் விடமாட்டார்கள். இரண்டு அறையா மூன்றா என்பதிலேயே கணக்கு பெரிய அளவில் மாறும்.

தள்ளுபடி எந்த விலையிலிருந்து?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிவீதிக் கடைகளில் "இன்று மட்டும் பாதி விலை" என்று ஓர் அட்டை தொங்கும். கொடியேற்றத்திலிருந்து இருபத்தைந்து நாளும் அதே அட்டை. 215,000 என்ற விலையை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அந்த விலைக்கு யாருக்காவது விற்றிருந்தால்தான் 179,000 தள்ளுபடி. விலையைப் பற்றிப் பொய்யான தோற்றம் காட்டி வியாபாரம் செய்வதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் போக முன்னர் ஓர் எளிய சோதனை செய்யலாம். நாளை மறுநாள் வேறு ஒரு இலக்கத்திலிருந்து விசாரியுங்கள். "இன்று மட்டும்" அப்போதும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உண்மையான மலிவு வேறு இடத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வெறுமையாக ஓடும் இராட்டினத்தால் பூங்காக்காரனுக்கு ஒரு சதமும் இல்லை. சனிக்கிழமை அவனுக்கு ஆள் தேடத் தேவையில்லை. அதனால்தான் உலகம் முழுவதும் பல பூங்காக்கள் முன்கூட்டியே இணையத்தில் வாங்குபவருக்கும், திகதியைக் குறித்து வாங்குபவருக்கும், வார நாளில் வருபவருக்கும் இறங்கி வருகின்றன. வாசலில் போய் நின்று வாங்குவதுதான் பொதுவாக ஆகக் கூடிய விலை. கிளூக் போன்ற விற்பனைத் தளங்களிலும் பாருங்கள், ஆனால் அதே நாளுக்குப் பூங்காவின் சொந்தத் தளம் சொல்லும் விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில நேரம் சொந்தத் தளம்தான் மலிவு.

வரிசையில் நிற்காமல் போகும் விரைவு அனுமதியைத் தாளில் "மேலதிகத் தெரிவு" என்று போட்டிருக்கிறார்கள். அது நுழைவுச் சீட்டு இல்லை, அதற்கு மேல் கட்டும் காசு. வார நாளில், கதவு திறக்கும்போதே போய், கூட்டம் சேரும் சவாரிகளை முதலில் முடித்தால் அது இல்லாமலே சமாளிக்கலாம். ஓகஸ்ட் 9 சிங்கப்பூரின் தேசிய தினம், விடுமுறை. அந்த நாளைத் தவிருங்கள்.

காசு கொடுக்காமல் பார்ப்பதற்கும் அந்த ஊரில் நிறைய உண்டு. செந்தோசாத் தீவுக்குக் கடலோர நடைபாதையால் நடந்தே போகலாம், தீவுக்குள் ஓடும் பஸ்களும் ஒற்றைத் தண்டவாள இரயிலும் இலவசம். விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கட்டிடத்துக்குள் 40 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சி, விரிகுடாப் பூங்காவில் (கார்டன்ஸ் பை த பே) இரவில் மின்விளக்கு மரங்களின் ஒளிக் காட்சி, இவற்றுக்கெல்லாம் நுழைவுச் சீட்டு இல்லை. உங்கள் தாளில் "நகர்ச் சுற்றுலா" என்று எழுதிக் காசு எடுத்திருப்பது பெரும்பாலும் இவற்றுக்குத்தான்.

இதையெல்லாம் வாசித்துவிட்டுப் பக்கேஜ் என்றாலே நட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டமான காலத்தில், பெரிய குடும்பத்துக்கு, முகவர் முன்கூட்டியே மொத்தமாக எடுத்து வைத்த இருக்கைகளும் அறைகளும் நீங்கள் தனியாகத் தேடுவதைவிட மலிவாக இருக்கலாம். வயதானவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது இரவு விமான நிலையத்தில் வாகனம் காத்து நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அந்த விலை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கொப்பித் தாளில் நாலு வரி போடுங்கள்: அதே திகதிக்கு, பொதியோடு சேர்த்து, ஆறு விமான இருக்கை, பெயர் தெரிந்த ஒரு ஹோட்டலில் தேவையான அறைகள், உண்மையில் உள்ளே போகும் ஆட்களுக்கு மட்டும் பூங்கா, வாகனம். கூட்டினால் வருவதற்கும் முகவரின் தொகைக்கும் இடையில் உள்ளதுதான் அவருடைய கூலி. அது உங்களுக்குச் சம்மதமா என்று பிறகு யோசிக்கலாம்.

வாகனம் என்று போட்ட அந்த வரியில் இன்னொன்றைச் சேருங்கள். பக்கேஜ் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தொடங்கிக் கட்டுநாயக்காவில் முடிகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு பேர் பெட்டிகளோடு அங்கே போய்வர வான் வாடகை, இடையில் சாப்பாடு, நேரம் ஒத்துவராவிட்டால் நீர்கொழும்பில் ஓர் இரவு. இது எந்தத் தாளிலும் எழுதப்படாத செலவு. "பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை போய், அங்கிருந்து சிங்கப்பூர் போனால் என்ன" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ரிக்கெற்றாக எடுத்து, பெட்டி நேரே சிங்கப்பூருக்குப் போகுமென்றால் சரி. இரண்டு தனி ரிக்கெற்றாக எடுத்தால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி உள்ளே போக வேண்டும், அதற்கு ஆறு பேருக்கும் இந்திய விசா வேண்டும். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

அண்ணாவின் இரண்டு யோசனைகள்

மிஞ்சிய ரிக்கெற்றை வாங்காதீர்கள். பூங்கா ரிக்கெற்றுகள் பெரும்பாலும் திகதியோடு விற்கப்படுபவை, கைமாற்ற முடியாதவை. ரிக்கெற்றின் குறியீடு ஒரு தடவை வாசலில் ஸ்கான் செய்யப்பட்டுவிட்டதா என்று தொலைபேசித் திரையைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகளும் வாசலில் நிற்க, சிவப்பு விளக்கு எரிந்தால், முழு விலை கொடுத்து வேறு வாங்குவீர்கள். சிநேகிதரிடம் சண்டை பிடிக்கவும் மாட்டீர்கள். அண்ணா உதவ விரும்பினால், உங்கள் திகதிக்குப் புதிய ரிக்கெற்றைத் தன் கடனட்டையால் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது யோசனைக்கு வருவோம். அண்ணா பொய் சொல்லவில்லை. அவர் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், இப்படியான விடுமுறை உரிமைத் திட்டத்தில் கையொப்பமிட்டவர் ஒப்பந்தப் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் விலகலாம். அது அங்குள்ள சட்டம். இங்கே, ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நீங்கள் வைக்கும் கையொப்பத்துக்கு நமது சட்டம். அதில் "மனம் மாறிவிட்டது" என்று விலகுவதற்குப் பொதுவான காலம் எதுவும் இல்லை. ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு வாசகம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன்னர், கொழும்பில், இதே குலுக்கல் அழைப்பு எனக்கும் வந்தது. மனைவியோடு போனேன். பிள்ளைகளுக்குப் பலூன் கொடுத்து வேறு அறைக்குக் கூட்டிப் போனார்கள். குளிரூட்டி பல்லைக் கிட்டவைக்கும் அளவுக்கு ஓடியது. யாராவது கையொப்பம் வைத்தால் ஒரு மணி அடிக்கும், எல்லோரும் எழுந்து கைதட்டுவார்கள். 90 நிமிடம் மூன்றரை மணித்தியாலம் ஆனது. மூன்றாவது ஆள் வந்து கல்குலேற்றரில் ஓர் இலக்கத்தைக் காட்டி, அதை அழித்து, இன்னொன்றைக் காட்டினார். சட்டத்தரணியான நான், நாளாந்தம் மற்றவர்களுக்கு "வாசிக்காமல் கையொப்பம் வைக்காதே" என்று சொல்லும் நான், பசியில் வைத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக் கட்டணம் உண்டு, பாடசாலை விடுமுறை நாட்களில் மட்டும் அறை ஒருநாளும் இருக்காது. மனைவி இன்றைக்கும் ஓகஸ்ட் பிறந்தால் இதை ஞாபகப்படுத்துவார். நீங்கள் அந்த ஹோட்டலுக்குப் போக வேண்டாம்.

முற்பணம் போனால் போனதுதானா?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் பிழையாக நினைக்கிறார்கள். "திருப்பித் தரப்படமாட்டாது" என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பி, வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அந்த வாசகம், நீங்களாக விலகும்போது உங்களைக் கட்டக்கூடும். அவர்கள் சொன்ன சேவையைத் தராவிட்டால், அல்லது சொன்னதை விட்டு வேறொன்றைத் தந்தால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் இலகுவாக ஒளிய முடியாது. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருப்பதாக 2003 ஆம் ஆண்டுச் சட்டம் கொள்கிறது. ஒரு பக்கத்தார் தன் பொறுப்பைத் தானே கழற்றி வைக்கும் நிபந்தனைகளைக் கட்டுப்படுத்த 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் என்று தனியாக ஒன்றும் இருக்கிறது.

ஆனால் உரிமை இருப்பது வேறு, காசு கைக்கு வருவது வேறு. தனியாளின் கணக்கில் போட்ட காசை மீட்பதுதான் ஆகக் கடினம். ஆகவே கட்டுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

உரிமப் பத்திரம். விமானப் பயணச் சீட்டு விற்கும் முகவர்களுக்கு இலங்கைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபை உரிமம் வழங்குகிறது. இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதிகார சபையிடமே சரிபாருங்கள். உரிமத்தில் உள்ள பெயரும், பற்றுச்சீட்டில் உள்ள பெயரும், வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "அது எங்கள் முதலாளியின் தம்பி" என்றால், தம்பிக்குப் போட வேண்டாம்.

பெயர், திகதி, தொகை. ஹோட்டலின் பெயர், அறைகள் எத்தனை, விமான இலக்கம், ஆளாளுக்கு விலை, எந்தத் திகதிக்குள் பதிவை உறுதிப்படுத்தும் பத்திரம் தருவார்கள், தராவிட்டால் எத்தனை நாளில் காசு திரும்பும். இவை எழுத்தில் வர வேண்டும். வட்ஸ்அப்பில் வந்தாலும் எழுத்துத்தான். அழித்துவிடாமல் படமெடுத்து வையுங்கள். குரல் பதிவை விடத் தட்டச்சு நல்லது.

அட்டையால் கட்டுவது. கிடைக்காத சேவைக்கு அட்டைக்காரர் தன் வங்கியிடம் ஆட்சேபம் எழுப்பிக் காசைத் திருப்பக் கேட்கலாம். காசாகக் கொடுத்தால் அந்த வழி இல்லை. அண்ணாவின் அட்டையால் கட்டினால் அந்த உரிமை அண்ணாவுக்குத்தான், உங்களுக்கு இல்லை. அவர்தான் அவருடைய வங்கியோடு கதைக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுத் தளத்தில் உங்கள் அட்டையைப் பாவித்தால் வங்கி எடுக்கும் மேலதிகக் கட்டணத்தை முதலே கேட்டுக் கணக்கில் சேருங்கள்.

எல்லாம் செய்தும் பிரச்சினை வந்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். "இன்றைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன்" என்று இழுப்பவர்களுக்கு அந்த மூன்று மாதம் நன்றாகத் தெரியும். வழக்குக்குப் போகாமல் சமரசம் பேசும் இணக்க சபையும் உண்டு, பெரிய செலவில்லை. நீதிமன்றம் கடைசி.

காப்புச் சோடி

இது சட்டக் கேள்வி இல்லை, இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். அடைவு வைப்பது குற்றமோ அவமானமோ இல்லை, நம் ஊரில் வைக்காத வீடு குறைவு. ஆனால் அடைவுக்கு வட்டி இருக்கிறது, மீட்கத் தவணை இருக்கிறது. அதையும் கூட்டினால் 179,000 என்பது 179,000 ஆக நிற்காது. தவணை தவறினால் போவது காப்பு. சிங்கப்பூர் நாலு நாள். என்னைக் கேட்டால் வேண்டாம்.

அப்படியானால் இந்த ஓகஸ்டில் என்ன செய்வது?

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. சின்னவனை ஒரு சுவரோடு நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு அளந்து பாருங்கள். யூனிவர்சல் ஸ்டூடியோசில் பிள்ளைகள் ஆசைப்படும் பெரிய சவாரிகளுக்கு உயர எல்லை உண்டு. ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ் சவாரிக்கு 102 சென்ரிமீற்றர், மம்மிக்கு 122, வானத்தில் புரட்டி எடுக்கும் பற்றில்ஸ்டார் கலக்ரிக்காவுக்கு 125. நாலு வயதுப் பிள்ளை முதல் எல்லையிலேயே தட்டுத்தடுமாறும். மகளின் வயதில் சிலர் 122 ஐத் தாண்டியிருப்பார்கள், சிலர் தாண்டியிருக்க மாட்டார்கள், அவளையும் அளந்து பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் அங்கே சவாரிகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முழுக் காசையும் கொட்டிப் போய், பாதி நேரம் ஒருவர் சின்னவனை வெளியே வைத்துக்கொண்டு நிற்பதென்றால், இரண்டு வருடம் கழித்துப் போனால் சின்னவனும் முதல் எல்லையையாவது தாண்டியிருப்பான். மூத்தவனுக்கு அப்போது பெரியவர் ரிக்கெற் எடுக்க வேண்டிவரும், அந்த வித்தியாசம் தாங்கக்கூடியதுதான்.

இந்த முறை சென்னையை யோசியுங்கள். பலாலியிலிருந்து இண்டிகோ, அலையன்ஸ் எயார் இரண்டும் சென்னைக்குப் பறக்கத் தொடங்கிவிட்டன. கட்டுநாயக்கா வான் வாடகை அப்படியே மிச்சம். சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பக்கம் 2025 டிசம்பரில் வொண்டர்லா என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்திருக்கிறார்கள். அங்கே சிறுவர் விலை வயதைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்து. அந்தப் பென்சில் கோடு இங்கும் உதவும். வார நாளில், இணையத்தில் முன்கூட்டி எடுத்தால் விலை குறையும். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நீர்ச் சவாரி உடுப்பை இங்கிருந்தே கொண்டு போங்கள், அங்கே போய் வாங்கினால் இரட்டைச் செலவு. மாமியாருக்கு மயிலாப்பூர் கபாலீசுவரர் இருக்கிறார்.

இந்திய விசா கட்டாயம், ஆறு பேருக்கும். இணைய விசாவை இந்திய அரசின் தளத்தில் மட்டும் எடுங்கள், இதற்கும் போலித் தளங்கள் உண்டு. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் போகும் கப்பலில் போக ஆசைப்பட்டால், இணைய விசா எல்லா நுழைவாயிலுக்கும் செல்லாது என்பதை ஞாபகத்தில் வைத்து, அனுமதிக்கப்பட்ட துறைமுகப் பட்டியலைப் பார்த்த பிறகு ரிக்கெற் எடுங்கள். கப்பல் காலநிலையைப் பார்த்து நிற்கும், ஓடும். திரும்பி வரும் நாளை இறுக்கமாக வைக்க வேண்டாம்.

எங்கே போவதானாலும் பிள்ளைகளின் கடவுச்சீட்டுகளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூன்று வருடம்தான் செல்லுபடி, பயண நாளிலிருந்து ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். மூத்தவனுடையது எப்போது எடுத்தது என்று நீங்கள் எழுதவில்லை. புதுப்பிக்க வேண்டுமென்றால் முந்தி மாதிரி வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓட வேண்டியதில்லை, யாழ். கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) அலுவலகம் வந்துவிட்டது.

முகவருக்கு இன்று இரவே ஒரு செய்தி அனுப்புங்கள்: ஹோட்டலின் பெயர், அறை எண்ணிக்கை, ஆளாளுக்குப் பிரித்த விலை, உரிம இலக்கம், "விசாக் கட்டணம்" எதற்கு என்ற விளக்கம். பதில் வந்தால் எனக்கும் அனுப்பி வையுங்கள், வாசித்துச் சொல்கிறேன். சின்னவனின் உயரத்தையும் எழுதுங்கள்.